சிவப்புக் கோல் பச்சையான கதை

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, பச்சை அணி

நிறத்தை மாற்றுவது என்ன பெரிய காரியம், ஒரு டப்பா பெயின்ட் வாங்கினால் தீர்ந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நாங்கள் என்றால் பச்சை அணியைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவியர் ஒன்பது பேர். ஒன்பது பேருக்காகவும் ஒருத்தி எழுதுகிறாள். ஆயினும் நடந்ததில் எல்லோருக்கும் பங்கு உண்டாகையால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம், தப்பையும் சேர்த்துத்தான்.

விளையாட்டு அறையிலுள்ள தகரப் பெட்டியில் தொடரோட்டக் கோல்கள் ஆறு இருந்தன. மூன்று சிவப்பு, இரண்டு நீலம், ஒன்று பொன்னிறம். நான்கு அணிகள் உள்ள பள்ளியில் பச்சைக்கென்று ஒன்றுகூட இல்லை. எப்போதோ இருந்ததாம், யாரோ வேலிக்கு அப்பால் எறிந்து தொலைத்துவிட்டார்களாம். வாட்ச்மேன் தாத்தா அப்படித்தான் சொல்வார். ஆகவே பல வருடங்களாகப் பச்சை அணி ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடிவந்தது. அது உடைந்த நாற்காலியின் கால். மற்ற அணியினர் அதைச் "சப்பாத்திக் கட்டை" என்பார்கள். நாங்கள் ஓடும்போது "மாவு எங்கே? மாவு எங்கே?" என்று கூவுவார்கள்.

விளையாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் போய் முறையிட்டோம். "புதியது வாங்குவதை அடுத்த வருடம் பார்க்கலாம். சிவப்பில் இரண்டு உபரியாகத்தானே கிடக்கிறது? அவற்றைப் பச்சை ஆக்கிக்கொள்ளுங்களேன்" என்றார்கள். எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்று மாலையே கடைத்தெருவில் பச்சை எனாமல் பெயின்ட் ஒரு சின்ன டப்பாவும் ஒரு பிரஷும் வாங்கினோம். இரண்டு கோல்களுக்கும் இரண்டு பூச்சுப் பூசி ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்தோம். காலையில் பார்த்தால் கிளிக் குஞ்சு மாதிரி பளபளவென்று இருந்தன.

மறுநாள் மாலை ஒத்திகை ஓட்டம். முதல் மூவரும் நன்றாகவே ஓடினார்கள். கடைசி ஓட்டக்காரி எங்கள் தோழி. (பெயரை எழுத வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.) எங்கள் அணியில் அவளைப்போல் ஓடுகிறவள் கிடையாது. மூன்றாமவள் கோலை நீட்டினாள், இவள் வாங்கினாள், பத்தடி போவதற்குள் கோல் கையிலிருந்து வழுக்கிப் புழுதியில் விழுந்து உருண்டது. எடுத்துப் பார்த்தால் பெயின்ட் பாம்புச் சட்டை போல உரிந்து அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. வியர்வைக் கையும் காயாத பெயின்ட்டும் சேர்ந்து செய்த வேலை அது. நாங்கள் அதை யோசிக்கவில்லை.

"தோல் ஷாப்புக் கையில் எதுதான் நிற்கும்?" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள்.

அவளுடைய அப்பா தோல் ஷாப்பில் சாய டிரம்மில் வேலை செய்கிறவர். சொன்னது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. சிரித்தது எட்டுப் பேரும்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு இந்த ஊரைப்பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் ராணிப்பேட்டையும் தோலால் சாப்பிடுகிற ஊர்கள். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து நாங்கள் திருப்பத்தூர் மாவட்டமானோம். சோறு போடுவது என்னவோ அதே தோல்தான். எங்களில் ஐந்து பேருடைய அம்மாக்கள் விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். முடித்த தோலின் வாசனை எங்கள் வீட்டுத் துணியிலும் இருக்கிறது. ஆனால் முடித்த தோலுக்கு ஒரு வாசனை, பதனிடும் இடத்துக்கு ஒரு வாசனை. அந்த வித்தியாசத்தில் நாங்கள் ஏற்றத்தாழ்வு பார்த்தோம். ஆறாம் வகுப்பிலிருந்தே அவள் பக்கத்தில் உட்காரும்போது கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்கு அது தெரியாது என்றும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அடுத்த இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். தொடரோட்டத்தில் தன் பெயரை அடித்துவிடும்படி சிஸ்டரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தாள். எங்களிடம் ஒன்றும் பேசவில்லை.

பெயின்ட் உரிந்த கோல்களை எடுத்துக்கொண்டு விஞ்ஞான ஆய்வகத்துக்குப் போனோம். விஞ்ஞானம் நடத்தும் சிஸ்டர் முதலில் ஒரு வார்த்தையும் பேசாமல் மண்ணெண்ணெய்த் துணியால் பச்சையைத் துடைத்தார்கள். உள்ளே சிவப்பு அப்படியே இருந்தது. பிறகு இரண்டு டார்ச் செல், ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர் எடுத்தார்கள். வயர் நுனிகளைச் சிவப்புப் பரப்பில் வைத்தார்கள். பல்பு எரியவில்லை. கோலின் விளிம்பில் அடிபட்டு வெள்ளையாகத் தெரிந்த இரண்டு இடங்களில் வைத்தார்கள். பல்பு எரிந்தது.

"அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்று படித்திருக்கிறீர்கள். சிவப்பு இடத்தில் ஏன் கடத்தவில்லை?" என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தச் சிவப்பு பூச்சு அல்லவாம். பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசினால் ஈயம் மேலே உட்காருகிறது. இது அப்படி மேலிருந்து வைத்தது அல்ல. அலுமினியத்திலிருந்தே வளர்ந்த தோல். கந்தக அமிலம் கலந்த தண்ணீரில் அலுமினியத்தை முக்கி, பேட்டரியின் நேர்முனையை அதில் மாட்டி மின்சாரம் செலுத்தினால், மேற்பரப்பு அலுமினியம் ஆக்ஸைடாக மாறுகிறது. அந்த ஆக்ஸைடில் தேன்கூட்டைப் போல நெருக்கமாக நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. ஒரு துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரை லட்சமாகப் பங்கிட்டால் அதில் இரண்டு பங்குதான் இருக்கும். சாயம் அந்தத் துளைகளுக்குள் போய் உட்காருகிறது. கடைசியில் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் துளைகளின் வாய் மூடிக்கொள்கிறது. சாயம் உள்ளேயே அடைபட்டுப் போகிறது. இதற்கு அனோடைசிங் என்று பெயர். துளை மூடிய அந்த வழவழப்பில் எங்கள் பெயின்ட் பிடிக்காமல் உரிந்ததில் என்ன ஆச்சரியம்!

'தோல்' என்ற வார்த்தை சிஸ்டரின் வாயிலிருந்து வந்தபோது எங்களில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டோம். சிஸ்டருக்கு ஒத்திகையில் நடந்தது தெரியுமோ தெரியாதோ, இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை.

நூலகத்தில் தேடிப் படித்ததில் இன்னும் சில சங்கதிகள் கிடைத்தன. 1923-ல் இங்கிலாந்தில் பெங்கா, ஸ்டூவர்ட் என்ற இருவர், கடலில் இறங்கும் விமானங்களின் அலுமினியக் கலவைப் பாகங்கள் உப்புநீரில் அரித்துப் போகாமலிருக்க இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அவர்கள் பயன்படுத்தியது குரோமிக் அமிலம். கந்தக அமில முறை சில வருடங்கள் கழித்து வந்தது. நம் நாட்டில் இந்த மாதிரி மின்வேதியியல் வேலைகளுக்கென்றே காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததில் உருவாகி, 1953 ஜனவரி 14 அன்று, பொங்கல் சமயத்தில் திறக்கப்பட்டது. அலுமினியமும் நமக்கு அந்நியமல்ல. ஏற்காட்டு மலையில் வெட்டிய பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் 1960-களில் அலுமினியம் உருக்கத் தொடங்கினார்கள்; 2008-ல் அது நின்றுபோயிற்று. இன்று எங்கள் வீட்டுச் சமையலறையிலுள்ள கறுத்த 'ஹார்ட் அனோடைஸ்டு' கடாய், பள்ளிக்குக் கொண்டுவரும் கலர் தண்ணீர் பாட்டில், பாட்டி ஸ்வெட்டர் பின்னும் ஊசி, இவையெல்லாம் இந்த வகைதான். இத்தனை நாள் கையில் பிடித்துக்கொண்டே திரிந்திருக்கிறோம்.

சிவப்பைப் பச்சையாக்க வேண்டுமானால் அந்தத் தோலை முழுவதும் உரித்துவிட்டுப் புதிதாக வளர்க்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை என்று சிஸ்டர் சொன்னார்கள். அமிலமும் காரமும் தாம் மட்டுமே தொடுவது என்றும், நாங்கள் கண்ணாடியும் கையுறையும் அணிந்து நாலடி தள்ளி நிற்பது என்றும் ஒப்பந்தம். சனிக்கிழமைகளில் ஆய்வகத்தின் பின்தாழ்வாரத்தில், காற்றோட்டமான இடத்தில், வேலை தொடங்கியது.

முதல் கோலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் இறக்கினார்கள். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சிவப்பு, கரும்புச் சாறு போலக் கலங்கி வெளியே வந்தது. அடுத்த நிமிடம் கோல் முழுவதும் நுரைத்தது. நுரை வந்தால் ஆக்ஸைடு தீர்ந்து, காரம் உலோகத்தையே தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். வருகிற வாயு ஹைட்ரஜன். உடனே எடுத்துவிட வேண்டும். எடுத்துக் கழுவினால் கோல் சாம்பல் பூசியது போலக் கறுத்திருந்தது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு முக்கு முக்கியதும் கறுப்புப் போய் நிலவு போல வெளுத்தது. டார்ச் பல்பை வைத்தோம். எங்கே வைத்தாலும் எரிந்தது.

அடுத்து மின்சாரம். கோலின் சுற்றளவு 12 சென்டிமீட்டர், நீளம் 30. பெருக்கினால் 360 சதுர சென்டிமீட்டர். குழாய் என்பதால் உட்புறமும் உண்டு. ஏறக்குறைய 700 என்று வைத்துக்கொண்டோம். 100 சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியர் வீதம் 7 ஆம்பியர் தேவை. ஆய்வகத்திலுள்ள எலிமினேட்டர் 2 ஆம்பியருக்கு மேல் கொடுக்காது. எனவே பள்ளி பஸ் டிரைவர் அண்ணனைக் கெஞ்சி 12 வோல்ட் பேட்டரியை இரவல் வாங்கினோம். பேட்டரிக் கடை அமிலத்தில் சரிபாதி தண்ணீர். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். எதிர்முனைக்கு ஓர் ஈயத் தகடு.

கோலைச் செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டது எங்கள் யோசனை. அரை மணியில் தண்ணீர் நீலமாகிவிட்டது. மயில்துத்தம்! கம்பிதான் கரைந்துகொண்டிருந்தது. மின்சாரம் பூராவும் அந்த வழியே ஓடியிருக்கிறது. கோலில் கம்பி தொட்ட இடம் பெரியம்மைத் தழும்பு போலக் குழிந்திருந்தது. அமிலத்துக்குள் இறங்கும் கம்பியும் அலுமினியமாகத்தான் இருக்க வேண்டுமென்று அப்போதுதான் புரிந்தது. மறுவாரம் அலுமினியக் கம்பி கட்டினோம். இப்போது வேறு தொல்லை. நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆரம்பத்திலேயே 33 டிகிரி. மின்சாரம் போகப் போக 40-ஐத் தாண்டியது. சூடான அமிலம், வளர்கிற ஆக்ஸைடைக் கூடவே கரைத்துக்கொண்டும் இருக்கும். ஒரு மணி நேரம் காத்திருந்து எடுத்தால் கோலின்மேல் வெள்ளையாகச் சாக்பீஸ் தூள். விரலால் தேய்த்தால் கையோடு வந்தது. இருமுறை காரம் தின்றதில் முதல் கோல் விளிம்பெல்லாம் மெலிந்து சோகை பிடித்தது போலாகிவிட்டது.

இரண்டாம் கோலுக்கு மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்தோம். அமிலத் தொட்டியைப் பெரிய டப்பில் வைத்துச் சுற்றிலும் ஐஸ் அடுக்கி 20 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். ஒருத்தி தெர்மாமீட்டரைப் பார்க்க, ஒருத்தி ஐஸ் உடைக்க, ஒருத்தி ஜபமாலையை உருட்ட (உண்மையாகவே) 45 நிமிடம் கழிந்தது. எடுத்துக் கழுவி பல்பை வைத்தோம். எரியவில்லை! கணக்குப்படி அந்தத் தோலின் கனம் சுமார் 15 மைக்ரான். தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத அதைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம்.

கைதட்டியது கொஞ்சம் அவசரம். துணிக்குப் போடும் பச்சைச் சாயப் பொட்டலம் ஒன்றைத் தண்ணீரில் போட்டு, சூடு அதிகமானால் சாயம் நன்றாக ஏறும் என்று தளதளவெனக் கொதிக்கவைத்துக் கோலை இறக்கினோம். வெளியே வந்தது பச்சையல்ல. முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீரின் நிறம். சிஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்கள். கொதிநீர் துளைகளை மூடும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள் அல்லவா? சாயம் நுழைவதற்கு முன்பே நாங்கள் கதவைச் சாத்திவிட்டோம். அந்தச் சாயமும் பருத்திக்கானது, சரியான ரகமல்ல. "கம்பளிக்கும் தோலுக்கும் போடுகிற அமில வகைச் சாயம்தான் இதற்குச் சேரும்" என்றார்கள் சிஸ்டர். காரணமும் விளக்கினார்கள். குரோம் ஏற்றிப் பதனிட்ட தோலும், புதிதாக வளர்ந்த அலுமினிய ஆக்ஸைடும், லேசான புளிப்புத் தண்ணீரில் நேர்மின்தன்மை உடையவை. அந்தச் சாயங்கள் எதிர்மின்தன்மை உடையவை. ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

தோலுக்குப் போடுகிற சாயம். யாரிடம் போய்க் கேட்பது? எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போனோம். போகும் வழியெல்லாம் ஒரு வழக்கு. முதலில் மன்னிப்புக் கேட்பதா, முதலில் சாயம் கேட்பதா? மன்னிப்பைக் கேட்டுவிட்டு உடனே சாயத்தைக் கேட்டால், சாயத்துக்காகத்தான் மன்னிப்பு என்று ஆகும். சாயத்தை மட்டும் கேட்டால் அதைவிடக் கேவலம். அந்தச் சாயம் தேவைப்படாவிட்டால் அவள் வீட்டு வாசலுக்கு நாங்கள் வந்திருப்போமா என்று ஒருத்தி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்வதில்லை என்று முடிவாயிற்று.

அவள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "நாங்கள் சிரித்தது தப்பு" என்றோம். அவள் நிமிரவில்லை. "இன்னைக்கு நேத்தா சிரிக்கிறீங்க" என்றாள். அதற்குமேல் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அவள் அம்மா உள்ளேயிருந்து வந்து, "வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்கம்மா" என்று மோர் கொடுத்தார்கள். டம்ளரைக் கையில் வாங்கியபோது எங்களுக்கு அழுகை வந்துவிட்டது. சாயத்தைப்பற்றி மூச்சு விடவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை அவளே எங்கள் பெஞ்சுக்கு வந்தாள். "பேட்டன் என்னாச்சு?" என்று கேட்டாள். வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த கதைதானே! முழுவதும் சொன்னோம். "கொதிக்க வெச்சீங்களா? எங்க அப்பா கேட்டா தலையில அடிச்சுக்குவார்" என்றாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவள் சொல்லி நாங்கள் சிரித்தோம்.

அடுத்த சனிக்கிழமை அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். பெற்றோர் தின விழாவுக்கு அவர் ஒருமுறையும் வந்ததில்லை. வெள்ளை வேட்டி சட்டை, படிய வாரிய தலை. குளித்துவிட்டு வந்த சோப்பு வாசனை. கைகளை மட்டும் பின்னால் கட்டியிருந்தார். விரல் நகங்களைச் சுற்றி நீலமும் பழுப்பும் ஏறியிருந்ததைப் பிறகு பார்த்தோம். மேஸ்திரியிடம் சொல்லி வாங்கிய இரண்டு பச்சைச் சாம்பிள் பொட்டலங்கள் பையில் இருந்தன.

தொட்டியையும் கோலையும் சுற்றிப் பார்த்தார். சிஸ்டர் துளைகளைப்பற்றி விளக்கியதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "அவ்ளோதாங்க சிஸ்டர். தோலா இருந்தா இன்னா, தகடா இருந்தா இன்னா, சாயத்துக்கு உள்ள போக வழி வேணும். வழி உட்டா போகும்" என்றார். காலையிலேயே மறுபடி உரித்து, ஐஸில் வைத்துப் புதுத் தோல் வளர்த்திருந்த கோலை நாங்கள் இரண்டு முறை கழுவி வைத்திருந்தோம். "இன்னும் கழுவு பாப்பா" என்றார். மேலும் மூன்று முறை குழாயடியில் பிடித்தோம். குழாயின் உட்புறத்தில் ஒளிந்திருக்கும் அமிலம் சாயத் தொட்டியில் கசிந்தால் திட்டுத்திட்டாக வெளுக்குமாம். தோலிலும் அப்படித்தான். குரோம் ஏற்றி நீலம் பாய்ந்து வரும் தோலில் அமிலம் இருக்கும். அதை முதலில் தணிக்காமல் சாயம் போட்டால், சாயம் மேலாக அப்பிக்கொண்டு உள்ளே இறங்காது. சாயப் பொடியைத் தனியே கொஞ்சம் வெந்நீரில் கூழாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, பிறகுதான் தொட்டியில் சேர்த்தார். பொடியாகப் போட்டால் புள்ளி விழும் என்றார். இரண்டு சொட்டு வினிகர். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "கை பொறுக்கணும். ஆனா வெச்சிக்கினே இருக்க முடியக் கூடாது. அதான் பக்குவம்." எங்கள் தெர்மாமீட்டர் 54 டிகிரி காட்டியது. அவர் சாய டிரம்மில் தோலுக்கு வைக்கும் சூடும், சிஸ்டர் புத்தகத்தில் குறித்து வைத்திருந்த சூடும் ஒன்றே என்பதைக் கண்டு சிஸ்டரே வியந்து போனார்கள்.

முதல் பொட்டலத்தில் சோதனைக்காக ஒரு துண்டு அலுமினியக் கம்பியை இறக்கினார். அதற்கும் கோலோடு சேர்த்துத் தோல் வளர்த்திருந்தோம். சாயம் ஏறவே இல்லை. ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டது. "இது பெரிய சாயம். தோல்ல மேலாப்புல நிக்கும். இந்தச் சின்னத் துளையில நுழையாது போல" என்று ஒதுக்கி வைத்தார். இரண்டாவது ஏறியது. பிறகு கோலை இறக்கினார். நாங்கள் நினைத்தது போல் விட்டுவிட்டு நிற்கவில்லை. மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். டிரம் சுற்றுவதை அவர் கை செய்தது. பத்து நிமிடம் ஆயிற்று. முதலில் வாழைக்குருத்து நிறம், பிறகு மாந்தளிர் முற்றிய நிறம், கடைசியில் கரும்பச்சை. "போதும்" என்றார் சிஸ்டர். "இன்னும் ரெண்டு நிமிசம்" என்றார் அவர். அவர் சொன்னபடியே விட்டோம்.

பின் கொதிநீரில் அரை மணி. எடுத்ததும் வெள்ளைக் கைக்குட்டையால் சிஸ்டர் அழுத்தித் தேய்த்தார்கள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

மிச்சமான தண்ணீரை என்ன செய்வது என்பதில் எல்லாரையும்விடக் கண்டிப்பாக இருந்தவரும் அவள் அப்பாதான். "அப்படியே காவாயில ஊத்திறாதீங்க சிஸ்டர்" என்றார். பாலாற்றின் கதை எங்களுக்குத் தெரியாததா? ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு மட்டும் ஒரு லட்சம் டன்னுக்கு மேல். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் எங்கள் ஊர்களின் பெயர் இருப்பதைப் பெருமை என்பதா, வேறு என்ன என்பதா? காஸ்டிக் தண்ணீரில் பழைய அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். வெள்ளையாகக் கஞ்சி போல ஒன்று திரண்டது. அது அலுமினியம் ஹைட்ராக்ஸைடு. குடிநீரில் படிகாரம் போட்டால் கலங்கலைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்குகிறதே, அதே பொருள். லிட்மஸ் தாள் நிறம் மாறாத வரைக்கும் சுண்ணாம்பு சேர்த்தோம். செம்பு கரைந்த நீல அமிலம் மட்டும் இன்னும் ஆய்வகத்தில் ஒரு கேனில், சீட்டு ஒட்டி, இருக்கிறது. தயவுசெய்து யாரும் திறக்க வேண்டாம்.

விளையாட்டு விழாவன்று தொடரோட்டத்தில் நாங்கள் இரண்டாவதாக வந்தோம். நீல அணி ஜெயித்தது. எங்கள் மூன்றாமவள் வளைவில் தடுமாறியதுதான் காரணம். கடைசி ஓட்டக்காரி இரண்டு பேரைத் தாண்டியிராவிட்டால் நாலாவதாக வந்திருப்போம். ஆம், பட்டியலில் அடித்த பெயரை அவளே மறுபடி எழுதிக் கொடுத்திருந்தாள். கோல் யார் கையிலும் வழுக்கவில்லை. சோகை பிடித்த முதல் கோல் ஆய்வக அலமாரியில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் அதை எடுத்துக்கொண்டு நீலமாக்கப் போகிறார்களாம்.

பரிசளிப்பு முடிந்ததும் அவள் அப்பாவைத் தேடினோம். வேப்பமரத்தடியில் பின்வரிசைக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஷிப்டு முடிந்து நேராக வந்திருப்பார் போலும், வேலைச் சட்டை. எங்களைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். நாங்கள் கோலை அவரிடம் நீட்டினோம். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவினார். தோலைப் பார்க்கிற பழக்கம். முகத்தருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார்.

"வாசனையே இல்லையே" என்றார், சிரித்துக்கொண்டு.

அவர் மகள் அதை வாங்கிக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் அவரை நடுவில் விட்டு, வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்து, கேன்டீன் போண்டா தின்றோம்.